பிள்ளைகளை டிரைவிங் ரேஞ்சுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோருக்கு

காட்பாடியில் வசிக்கும் ஒரு தாயின் கேள்வி இது. மகளுக்கு எட்டு வயது, மகனுக்குப் பதினொன்று. டோக்கியோ ஒலிம்பிக்கில் அதிதி அசோக் ஆடியதைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு இருவருக்கும் கோல்ஃப் மீது ஆசை வந்திருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது டிரைவிங் ரேஞ்சில், அதாவது கோல்ஃப் பந்தை அடித்துப் பழகுவதற்கான திடலில், ஆளுக்கு ஒரு பக்கெட் பந்து வாங்கிக் கொடுக்கிறார். பிள்ளைகள் கொஞ்ச நேரத்திலேயே அதை அடித்துத் தீர்த்துவிடுகிறார்கள்; பாதிப் பந்து தரையோடு உருளுகிறது, மீதி எங்கெங்கோ போகிறது. ஊர் திரும்பிய பிறகு அடுத்த பயணம் வரை மட்டைகள் மூலையில் கிடக்கின்றன. இப்படிப் போய் வருவதால் பயன் உண்டா, உண்டென்றால் ரேஞ்சில் எதை, எந்த வரிசையில் கற்றுத் தருவது என்று கேட்கிறார்.

பயன் உண்டு. ஆனால் ரேஞ்ச் எப்படிப்பட்ட இடம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மைதானத்தில் ஆடும்போது பந்து விழும் இடம் ஒவ்வொன்றும் புதியது. மேடு, பள்ளம், மணல், மரம் எல்லாம் சேர்ந்து, அடுத்த அடியை எப்படி அடிப்பது என்று ஆடுபவரை யோசிக்க வைக்கின்றன. ரேஞ்சில் இவை எதுவும் இல்லை. காலடியில் சமமான மேட் (செயற்கைப் புல் விரிப்பு), கைக்கெட்டும் இடத்தில் பக்கெட், தவறவிட்டால் உடனே எடுத்து வைத்துக்கொள்ள இன்னொரு பந்து என்று இருக்கும் இடத்தில், ஒரு குழந்தை தானாகக் கற்றுக்கொள்வது அடுத்த பந்தை வேகமாக எடுத்து வைப்பதை மட்டுமே. அந்தக் குறையைக் கூட வருகிற பெரியவர்தான் ஈடுகட்ட வேண்டும். ஒவ்வொரு பந்துக்கும் அடிப்பதற்கு முன்பே ஒரு குறி இருக்க வேண்டும். அடித்த பந்து விழும் வரை குழந்தை நின்று பார்க்க வேண்டும். எங்கே விழுந்தது என்பதைக் குழந்தையே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் நடந்தால் முப்பது பந்து போதும். நடக்காவிட்டால் முந்நூறு பந்து அடித்தாலும் கை வலிதான் மிஞ்சும்.

மட்டையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பல பிள்ளைகளுக்குக் கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பெரியவர்களின் பழைய மட்டையை அறுத்துச் சுருக்கிக் கொடுத்தால் நீளம் மட்டும்தான் குறைகிறது. தலையின் எடை அப்படியே இருக்கிறது, தண்டோ அறுத்த பிறகு முன்பைவிட விறைப்பாகிவிடுகிறது. அதைச் சுழற்ற முடியாத குழந்தை உடம்பை வளைத்து இழுத்து அடிக்கப் பழகுகிறது, பிறகு அந்தப் பழக்கத்தை மாற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. சிறுவர் மட்டைகள் வயதைப் பார்த்து அல்ல, உயரத்தைப் பார்த்து வாங்க வேண்டியவை; டெக்கத்லான் கடைகளின் இனசிஸ் போன்ற பிராண்டுகளிலும் குழந்தைகளுக்கென்று தனி அளவுகள் வருகின்றன. கடையில் நிற்கும்போதே குழந்தையை இடக்கையால் மட்டும் மட்டையைப் பிடித்து முன்னால் நேராக நீட்டச் சொல்லிப் பத்து வரை எண்ணுங்கள். அதற்குள் நுனி கீழே இறங்கிவிட்டால் அந்த மட்டை கனம். விதிப்படி ஒருவர் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்றாலும், எட்டு வயதுக்கு குழியை நோக்கிப் பந்தை உருட்ட ஒரு பட்டர், கிட்டத்தில் உயரத் தூக்கிப் போட ஒரு வெட்ஜ், நடுத்தரத் தூரத்துக்கு ஏழாம் எண் ஐயன், அதைவிட அதிகத் தூரத்துக்கு ஒரு ஹைபிரிட் ஆகிய நான்கே தாராளம். ரேஞ்சில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் பெரியவர்களுக்கானவை என்பதால், சொந்த மட்டை இல்லாமல் குழந்தையை அழைத்துப் போவதில் அதிகப் பயன் இல்லை. பிள்ளைகள் வளர்ந்துகொண்டே இருப்பார்கள். கைமாறி வரும் மட்டை கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

ரேஞ்சுக்குள் நுழைந்ததும் நேராக அடிக்கும் மேட் விரிப்புக்குப் போகாதீர்கள். ஓரத்தில் பட்டிங் கிரீன் (பந்தை உருட்டிக் குழியில் போட்டுப் பழகும் குட்டைப் புல்தரை) இருந்தால் அங்கேதான் தொடங்க வேண்டும். குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், பந்தின் விட்டமோ 43 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஓரடி தூரத்திலிருந்து தள்ளினால் எந்தக் குழந்தையும் போட்டுவிடும். பந்து குழிக்குள் விழும் அந்தச் சத்தம் முதல் ஐந்து நிமிடத்துக்குள் குழந்தையின் காதில் விழுந்துவிட வேண்டும் என்பதற்காகவே அவ்வளவு கிட்டே வைக்கிறோம். பிறகு மூன்றடி, ஆறடி என்று பின்னால் வரலாம். அடுத்து கிரீனின் விளிம்பிலிருந்து வெட்ஜால் சின்னதாகத் தூக்கிப் போடுவது, அதற்கடுத்து அரை ஸ்விங் (மட்டை வீச்சு), கடைசியில்தான் முழு ஸ்விங். குழியிலிருந்து பின்னோக்கி வரும் இந்த வரிசையில் கற்றுக்கொடுத்தால் குழந்தைக்கு ஆட்டத்தின் நோக்கம் முதல் நாளே பிடிபட்டுவிடுகிறது. பந்தைக் குழிக்குள் போடுவதற்காகத்தான் இத்தனை தூரம் அடிக்கிறோம் என்பது தெரியாமலேயே ரேஞ்சில் மாதக்கணக்கில் அடிக்கும் பெரியவர்களும் இருக்கிறார்கள்.

பாதிப் பந்து தரையோடு உருளுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் இதற்குக் காரணம், குழந்தை பந்தைத் தன் பலத்தால் மேலே தூக்க முயல்வதுதான். தூக்க நினைக்கும்போது உடம்பு பின்னால் சாய்கிறது, முழங்கை மடங்குகிறது, மட்டையின் விளிம்பு பந்தின் உச்சியில் படுகிறது. ராணிப்பேட்டையிலிருந்து வந்திருந்த என் அக்கா மகள் ஒருமுறை, “மாமா, தூக்கித் தூக்கித்தான் அடிக்கிறேன், எழும்பவே மாட்டேங்குது” என்று கிட்டத்தட்ட அழும் நிலைக்கு வந்துவிட்டாள். அவளுடைய ஏழாம் எண் ஐயனை வாங்கி, பந்தை அடிக்கும் முகம் வானத்தைப் பார்க்கும்படியும் தண்டு நூறு யார்டு தூரத்தைக் காட்டும் பலகையை நோக்கியும் தரையில் கிடத்தி, அந்த முகத்தின் மீது மெதுவாகக் காலை வைத்து அழுத்தினேன். கிடந்த தண்டு சாய்வாக எழும்பி நின்றது. பந்து ஏறக்குறைய அந்தச் சாய்வில்தான் புறப்படும் என்றேன். பிறகு வெட்ஜை அதே மாதிரி அழுத்திக் காட்டியபோது தண்டு இன்னும் செங்குத்தாக எழுந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அப்போ தூக்குற வேலையை மட்டையே பார்த்துக்குமா?” என்று கேட்டாள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் விளக்கம் முடிந்தது. அதற்குப் பிறகு குழந்தையிடம் சொல்ல வேண்டியது, மேட்டில் பந்து இருக்கும் இடத்தை மட்டை உரசிக்கொண்டு போக வேண்டும் என்பது மட்டுமே. தொடக்கத்தில் ஐயனுக்கும் தாழ்வான டீ (பந்தை நிறுத்தி வைக்கும் சிறு தாங்கி) ஒன்றின் மேல் பந்தை வைத்துக் கொடுங்கள்; மேட்டில் ஏற்கெனவே பொருத்தியிருக்கும் ரப்பர் டீ பல இடங்களில் குழந்தைக்கு மிக உயரமாக இருக்கும் என்பதால், குட்டையான ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. சத்துவாச்சாரியானாலும் குடியாத்தமானாலும், கோல்ஃப் மட்டையைப் பார்ப்பதற்கு வெகு முன்பே பையன் கிரிக்கெட் பேட்டைப் பிடித்துவிடுகிறான். அதனால் சில நன்மைகளும் உண்டு: பந்தின் மேல் கண் நிற்கும், அடிக்கப் பயம் இருக்காது. ஆனால் கிரிக்கெட்டில் பந்து நம்மை நோக்கி வருகிறது, அதைச் சந்திக்க முன்காலை எடுத்து வைக்கிறோம். கோல்ஃபில் பந்து அசையாமல் கிடக்கிறது, முன்காலை நகர்த்தினால் தூரமே மாறிப்போகிறது. டிரைவ் ஆடும்போது உயர்த்திப் பிடித்த இடது முழங்கை பேட்டுக்கு அழகு. கோல்ஃபில் அதே முழங்கை பந்தைத் தொட்ட பிறகும் மடங்கியே நின்றால் மட்டையின் முகம் திறந்துபோய், வலக்கை ஆட்டக்காரனின் பந்து வலப்பக்கம் வளைந்து ஓடும். இதைத் திருத்துவதற்கு முழங்கையைப் பற்றிப் பேசத் தேவையில்லை. இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் சின்ன ஸ்விங்காகப் பத்துப் பந்து அடிக்கச் சொல்லுங்கள். பாதங்கள் ஒட்டியிருந்தால் முன்காலை எடுத்து வைக்க முடியாது; பலமாக வீசினால் தள்ளாட வேண்டியிருக்கும் என்பதால் உடம்பே நிதானத்துக்கு வந்துவிடும். உங்கள் மகனுக்கு இந்தப் பயிற்சி முதல் இரண்டு மூன்று பயணங்களுக்குக் கட்டாயம் வேண்டும் என்றே நினைக்கிறேன்.

பிடியைப் பற்றி நீண்ட விளக்கங்கள் உண்டு. குழந்தைக்கு அவை வேண்டாம். பத்து விரல்களும் தண்டின் மேல் இருக்கும் சாதாரணப் பிடியே சிறிய கைக்குப் போதும். மட்டை உள்ளங்கையின் நடுவில் அல்லாமல் விரல்களின் அடியில் கிடக்க வேண்டும், குனிந்து பார்த்தால் இடக்கை முட்டிகளில் இரண்டோ மூன்றோ கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான். கை வியர்க்கும்போதெல்லாம் துண்டால் துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

ரேஞ்சில் மேட் செய்யும் ஒரு ஏமாற்றைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். புல்தரையில் பந்துக்கு இரண்டு விரற்கடை பின்னால் மட்டை பட்டால் மண்ணில் குத்தி நின்றுவிடும், பந்து நகராது. மேட்டில் அதே தவறைச் செய்தால் மட்டை வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை அடித்துவிடும். சத்தமும் நன்றாகவே கேட்கும், பந்தும் பறக்கும். தான் சரியாக அடிப்பதாகக் குழந்தை நம்பிவிடும். ஆகவே ஒரு சின்னத் துண்டை மடித்து, பந்துக்கு ஒரு சாண் பின்னால் வையுங்கள். துண்டில் படாமல் பந்தில் பட்டால் அடி சரி. இது ஒரு சோதனை. இன்னொன்று, பள்ளியில் வெள்ளைப் பலகையில் எழுதுகிற மார்க்கரால் பந்தின் பின்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, அந்தப் பொட்டு மட்டையை நோக்கியிருக்கும்படி டீயில் அமர்த்துவது. அடித்ததும் மட்டையின் முகத்தில் எந்த இடத்தில் பந்து பட்டதோ அங்கே அந்தப் பொட்டு ஒட்டியிருக்கும். நடுவில் பட்டதா, நுனியில் பட்டதா, தண்டின் பக்கமாகப் பட்டதா என்று குழந்தை தானே பார்த்து, விரலால் துடைத்துவிட்டு அடுத்த பந்தை வைக்கும். எட்டு வயதுப் பெண்ணுக்கு இது விளையாட்டு; உங்களுக்கோ, எந்தப் பயிற்சியாளரும் வாயால் சொல்ல முடியாத அளவுக்குத் துல்லியமான செய்தி. நான் பார்த்தவரை, “நடுவில் விழ வை” என்ற ஒற்றைச் சவால் மட்டும் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றால், உடம்பு பாதி விஷயங்களைத் தானே சரிசெய்துகொள்கிறது.

ஒதுங்கி நிற்பது என்று சொன்னதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் ரேஞ்சில் பெற்றோர் செய்யும் பெரிய தொந்தரவு பேச்சுதான். தலையைத் தூக்காதே, இடது கையை மடக்காதே, தோளைத் திருப்பு, முழங்காலை வளை என்று நான்கு கட்டளைகள் ஒரே பந்துக்கு வந்தால் எந்தக் குழந்தையும் உறைந்து நின்றுவிடும். உடலியக்கக் கற்றலை ஆராய்ந்த காப்ரியேலே வுல்ஃபும் அவருடைய சகாக்களும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், கோல்ஃபே ஆடியிராதவர்களுக்குக் கிட்டத்திலிருந்து பந்தைத் தூக்கிப் போடும் பிட்ச் அடியைக் கற்பித்தார்கள். ஒரு குழுவிடம் தங்கள் கைகளின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள், மற்றொரு குழுவிடம் மட்டையின் அசைவைக் கவனிக்கச் சொன்னார்கள். மட்டையைக் கவனித்தவர்களே பயிற்சியிலும் பிறகு நடந்த சோதனையிலும் குறிக்கு நெருக்கமாக அடித்தார்கள். நம் தெருவில் கோலி ஆடும் பையன் குழியைப் பார்த்துத்தான் விரலை விடுகிறான், விரல் எவ்வளவு வளைந்தது என்று பார்ப்பதில்லை; ரேஞ்சிலும் அதே கண்தான் வேண்டும். ஆகவே “கையை நீட்டு” என்பதற்குப் பதிலாக “டீயை அந்தப் பலகைப் பக்கம் பறக்க விடு” என்று சொல்லுங்கள். “பேலன்ஸ் பண்ணு” என்பதற்குப் பதிலாக “பந்து விழும் வரை சிலை மாதிரி நில்” என்று சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இப்படி ஒரே ஒரு சொல்தான். இரண்டாவதை அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பக்கெட்டை எப்படிச் செலவிடுவது என்பதற்கு வருகிறேன். முதலில், பக்கெட்டைக் குழந்தையின் காலடியில் வைக்காதீர்கள். நீங்கள் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பந்தாகக் கொடுங்கள், அல்லது மேட்டிலிருந்து நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். போய் எடுத்து வரும் அந்தச் சில விநாடிகளில் மூச்சும் சமநிலைக்கு வரும், முந்தைய அடியைப் பற்றிய யோசனையும் வரும். முதல் பத்துப் பந்து வெட்ஜால், கிட்டத்தில் இருக்கும் ஏதாவதொரு பொருளை நோக்கி. அடுத்த பத்தில் புதிதாகக் கற்றுக்கொள்ளும் ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்யலாம். முற்றிலும் புதிய அசைவுக்கு அந்தத் திரும்பச் செய்தல் தேவைதான். அதற்குப் பிறகு ஒரே மட்டையால் ஒரே இடத்துக்கு அடிப்பதை நிறுத்திவிட வேண்டும். ஜான் ஷே, ராபின் மார்கன் என்ற இருவர் 1979இல் செய்த பரிசோதனையில், ஒரே கையசைவைத் தொகுதியாகப் பழகியவர்கள் பயிற்சியின்போது முந்தியிருந்தார்கள். பல அசைவுகளைக் கலந்து கலந்து பழகியவர்களே பிறகு சோதித்தபோது நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். அது கோல்ஃபைப் பற்றிய பரிசோதனை அல்ல என்றாலும், ரேஞ்சில் பறந்த பந்து மைதானத்தில் ஏன் பறக்கவில்லை என்று குழம்பும் எவருக்கும் அதில் விடை இருக்கிறது.

கலந்து பழகுவதற்குப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வழி, இல்லாத மைதானத்தை இருப்பதாக வைத்துக்கொண்டு ஆடுவது. ரேஞ்சில் தெரியும் இரண்டு கம்பங்களைக் காட்டி, இந்த இரண்டுக்கும் நடுவேதான் ஃபேர்வே (குழியை நோக்கிப் போகும் புல் பாதை), இடப்பக்கம் முழுவதும் ஏரி என்று சொல்லிவிடுங்கள். மகள் ஹைபிரிட்டால் அடிக்கிறாள். கம்பங்களுக்கு நடுவே போனால் அடுத்து ஐயன், ஏரியில் விழுந்தால் ஒரு அபராத அடி. ஐயனால் யார்டு பலகை ஒன்றை நோக்கி அடிக்கிறாள். பக்கத்தில் விழுந்தால் அடுத்து வெட்ஜ், விலகினால் இன்னொரு முறை ஐயன். வெட்ஜ் அடி குறிக்கு அருகே விழுந்தால் இரண்டு பட் என்று வைத்துக்கொண்டு மொத்தத்தைத் தாளில் எழுதுங்கள். ஏரிக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னால் ஆட்டம் இன்னும் சூடு பிடிக்கும். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் அதற்குக் காவேரிப்பாக்கம் ஏரி என்று பெயர் வைத்து, அதில் விழாமல் இருக்க ரேஞ்சின் வலக்கோடிக்கே அடித்துத் தள்ளினார்கள். இதில் ஒவ்வொரு அடிக்கும் மட்டை மாறுகிறது, குறி மாறுகிறது, முந்தைய அடியின் விளைவு அடுத்த அடியைத் தீர்மானிக்கிறது; மைதானம் கேட்பது இதைத்தான். எட்டு வயதுக்கும் பதினொரு வயதுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் சண்டைதான் வரும் என்பதால், தங்கைக்கு ஃபேர்வேயை அகலமாக்கியோ ஒரு அடி சலுகை கொடுத்தோ ஆரம்பத்திலேயே சரிசெய்துவிடுங்கள்.

வேகமாக அடிப்பதைப் பற்றி ஒரு கருத்து வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் முழு பலத்தோடு வீசுவதைப் பார்த்ததும் மெதுவாக அடி என்று அதட்டும் பெரியவர்கள் அதிகம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வீசும் வேகத்தைச் சிறுவயதில் பழகிக்கொள்வது எளிது, குறி பிறகு சேர்ந்துகொள்ளும். பயந்து பயந்து அடிக்கப் பழகிய குழந்தைக்குப் பதினைந்து வயதில் வேகத்தைச் சொல்லிக் கொடுப்பது பெரும்பாடு. ஆகவே பக்கெட்டின் கடைசி ஐந்து பந்துகளை அவர்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள். எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு தூரம் அடிக்கட்டும். ஒரே நிபந்தனை, பந்து விழும் வரை கீழே விழாமல் நிற்க வேண்டும். மேட்டின் அடியில் கான்கிரீட் இருக்கும், ஐயனால் ஓங்கிக் குத்தினால் அதிர்ச்சி மணிக்கட்டுக்கு ஏறும் என்பதால், இந்த ஐந்தையும் டீயின் மேல் வைத்து அடிப்பது நல்லது. மணிக்கட்டோ முதுகோ வலிக்கிறது என்று சொன்னால் அன்றைக்கு அத்தோடு நிறுத்த வேண்டும், மீதிப் பந்துக்குக் கொடுத்த காசு வீண் என்று பார்க்கக் கூடாது.

உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி, இரண்டு பயணங்களுக்கு நடுவே ஊரில் என்ன செய்வது என்பது. உண்மையில் கற்றல் நடக்க வேண்டிய இடம் அதுதான். ரேஞ்ச் என்பது கற்றதை அளந்து பார்க்கும் இடமாக மாற வேண்டும். பட்டிங்குக்கு வீட்டுக் கூடமே போதும். ஒரு ஜமக்காளத்தை விரித்து, அதன் ஓரத்தில் எவர்சில்வர் டம்ளரைப் படுக்க வைத்துவிட்டால் குழி தயார். டம்ளரின் வாய் உண்மையான குழியைவிடச் சிறியது என்பதால், அதில் போடப் பழகிய குழந்தைக்கு நிஜக் குழி பெரிதாகத் தெரியும். மொட்டை மாடியில் சிப்பிங், அதாவது வெட்ஜால் சின்னதாகத் தூக்கிப் போடுவது, செய்யலாம், ஆனால் அசல் கோல்ஃப் பந்தால் கூடாது. 46 கிராம் எடையுள்ள கெட்டியான அந்தப் பந்து பக்கத்து வீட்டு ஜன்னலையோ தெருவில் போகிறவரின் தலையையோ பதம் பார்த்துவிடும். துளையிட்ட பிளாஸ்டிக் பந்தும் பஞ்சுப் பந்தும் மலிவாகவே கிடைக்கின்றன.

முழு ஸ்விங்குக்கு நமக்கு வாய்த்திருக்கும் இடம் பாலாறு. தண்ணீர் ஓடாத மாதங்களில், மணல் அள்ளிய குழிகள் இல்லாத, கரையை ஒட்டிய சமமான இடமாகப் பார்த்து, பகல் வெளிச்சத்தில், பெரியவர் ஒருவர் கூடவே இருக்க, மணலில் ஒரு கோடு கிழியுங்கள். கோடு குழந்தையின் இரு கால்களுக்கும் நடுவே வரட்டும். பந்தே வேண்டாம். மட்டையை வீசும்போது கோட்டிலோ கோட்டுக்கு முன்னாலோ மணல் தெறிக்க வேண்டும். கோட்டுக்குப் பின்னால் தெறித்தால் அதுதான் மேட்டில் மறைந்துபோகிற தவறு, இங்கே மணலில் எழுதிக் காட்டிவிடுகிறது. ஒரு வீச்சு முடிந்ததும் கோட்டின் மீது கொஞ்சம் தள்ளி நின்று அடுத்தது. பத்து வீச்சுக்குப் பிறகு தடங்களை வரிசையாகப் பார்த்தால், குழந்தையின் ஸ்விங் எங்கே தரையைத் தொடுகிறது என்பது தானே தெரியும். ஸ்பெயினின் செவே பயஸ்தெரோஸ் சிறுவனாக இருந்தபோது பெத்ரேன்யா கடற்கரை மணலில் ஒற்றை மூன்றாம் எண் ஐயனை வைத்துக்கொண்டுதான் பழகினார். பிற்காலத்தில் பிரிட்டிஷ் ஓப்பனை மூன்று முறையும் மாஸ்டர்ஸை இரண்டு முறையும் வென்றார். நம் ஆற்று மணலில் பழகுவதற்கு யாரிடமும் டோக்கன் வாங்க வேண்டியதில்லை.

பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பு வேண்டும். ரேஞ்சில் பிள்ளைகள் விஷயத்தில் பறந்து வரும் பந்தைவிடப் பக்கத்தில் வீசப்படும் மட்டைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் உங்கள் பையைத் தாண்டி வரக் கூடாது என்று எல்லை வகுத்து, பையை மேட்டிலிருந்து நான்கு எட்டுத் தூரம் பின்னால் வையுங்கள். பந்தோ டீயோ மேட்டுக்கு முன்னால் ஒரு முழத்தில் விழுந்திருந்தாலும் எடுக்கப் போகக் கூடாது. இடி முழங்கினால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்துவிட வேண்டும். ரேஞ்ச் பந்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரும் பழக்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்டு. அது ரேஞ்சின் சொத்து என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேயில் அக்கினி நட்சத்திர நாட்களில் பகல் பயிற்சியை அடியோடு விட்டுவிடுங்கள். மற்ற மாதங்களிலும் காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலரைக்குப் பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வெயில் குறைவாகத் தெரிந்தாலும் புழுக்கம் உடம்பை வற்ற வைத்துவிடும். தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல், பத்துப் பந்துக்கு ஒரு முறை தண்ணீரோ உப்புப் போட்ட மோரோ கொடுங்கள். தலைவலி, மயக்கம் என்று குழந்தை சொன்னால் அன்றைய பயிற்சி முடிந்தது. காட்பாடியில் லால்பாக் எக்ஸ்பிரஸோ பிருந்தாவனோ ஏறி சென்னையோ பெங்களூரோ போய்ச் சேர்ந்த கையோடு ரேஞ்சுக்கு ஓடாதீர்கள். மணிக்கணக்கில் உட்கார்ந்து வந்த இடுப்புக்கு ஒரு மணி நேரமாவது நடையும் சாப்பாடும் ஓய்வும் வேண்டும்.

பயிற்சியாளர் எப்போது தேவை? மேலே சொன்னவற்றைச் சில மாதங்கள் செய்த பிறகும் ஆசை குறையாமல் இருந்தால் அப்போது தேடலாம். இந்திய கோல்ஃப் யூனியனின் கீழ் இயங்கும் தேசிய கோல்ஃப் அகாடமி பயிற்சியாளர்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறது. அந்தச் சான்று உள்ளவரா, சிறுவர்களுக்குக் கற்றுத் தந்த அனுபவம் உண்டா என்று இரண்டையும் கேளுங்கள். மாதம் ஒரு முறைதான் வர முடியும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், வீட்டில் செய்ய வேண்டியதை அவர் எழுதிக் கொடுப்பார். பெங்களூரில் கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் வளாகத்தில்தான் அதிதி அசோக் ஐந்து வயதில் மட்டை பிடித்தார். டோக்கியோவில் ஒரே ஒரு அடியில் பதக்கத்தை இழந்து நான்காவதாக வந்தபோது அவருக்கு வயது 23. பெண் பிள்ளைக்கு எதற்கு இந்தப் பணக்கார விளையாட்டு என்று உறவினர் யாராவது கேட்டால் அவரைப் பற்றிச் சொல்லுங்கள். மற்றவர்களின் மட்டைப் பையைச் சுமக்கும் கேடியாக இருந்து வளர்ந்து 1991இல் இந்தியன் ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேரைப் பற்றியும், பெங்களூரில் கேடியாகத் தொடங்கி 2009இல் அதே பட்டத்தை வென்ற முனியப்பாவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசியாக, ரேஞ்சிலேயே பிள்ளைகளை ஓராண்டு நிறுத்தி வைக்காதீர்கள். வெட்ஜ் அடிகளில் பாதியாவது குறிப் பக்கம் போகத் தொடங்கியதும், ஒன்பது குழி மைதானத்திலோ, விடுமுறையில் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகும்போது அங்குள்ள மைதானங்களிலோ, கூட்டமில்லாத மாலை நேரத்தில் மூன்று நான்கு குழிகள் மட்டும் ஆட அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். பெரும்பாலானவை உறுப்பினர்களுக்கான கிளப் மைதானங்கள் என்பதால் விருந்தினர் விதி, சிறுவர் கட்டணம், உடைக் கட்டுப்பாடு மூன்றையும் தொலைபேசியில் முன்பே விசாரித்துவிட்டுப் போவது நல்லது. காலரில்லாத பனியனும் செருப்புமாகப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே போன பிறகு குழந்தையைப் பெரியவர்கள் முதல் அடி அடிக்கும் இடத்திலிருந்து அடிக்க வைக்காமல், குழியிலிருந்து நூறு யார்டு தூரத்தில் ஃபேர்வேயில் பந்தை வைத்து அங்கிருந்து ஆடச் சொல்லுங்கள். எட்டு முறை அடிப்பதற்குள் குழியில் போட்டுவிட்டால் அடுத்த முறை இருபது யார்டு பின்னால் தள்ளி வைக்கலாம்.